கிடா மண்டையும் கொம்பும்: சுவரில் மாட்டும் அளவுக்குச் சுத்தம் செய்வது

கறிக்கடையில் தலையை வாங்கும் இடத்திலேயே பாதி வேலை முடிந்துவிடும், அல்லது பாதி கெட்டுவிடும். நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆட்டுத்தலை என்றால் முதலில் தீயில் வாட்டி முடியைச் சுரண்டுவார்கள். அடுத்து கத்தியின் பின்பக்கத்தால் கொம்பைத் தட்டிக் கழற்றுவார்கள். கடைசியில் மூளையை எடுக்க நெற்றியின் நடுவில் ஒரே போடாகப் பிளப்பார்கள். குழம்புக்கு அதுதான் சரி. சுவரில் மாட்டுவதற்கு இந்த மூன்றுமே ஆகாது. தீ பட்ட எலும்பு கறுத்து நொறுங்கும், அந்தக் கறுப்பு எதற்கும் போகாது. தட்டிய கொம்போடு உள்ளே இருக்கும் எலும்பும் சேர்ந்து முறிந்துவிடும்.

அதனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் போய்க் கேட்காதீர்கள். முந்தின நாளே சொல்லி வையுங்கள்: "அண்ணா, தலைய வாட்டாம, பொளக்காம, தோலோட முழுசா வேணும். கழுத்த மண்டைக்கு ஒட்ட வெட்டாதீங்க, நாலு விரல் விட்டு வெட்டுங்க." கடைசி வரிதான் முக்கியம். மண்டையின் பின்பக்கத் துளைக்கு இரண்டு பக்கமும் கழுத்தெலும்பு உட்காரும் குமிழ்கள் உண்டு. ஒட்ட வெட்டினால் கத்தி அங்கேதான் விழும்.

எந்த ஆடு? பல்லைப் பார்த்து வாங்குங்கள். பால் பல் விழாத குட்டியின் மண்டை ஊறியதும் பொருத்துகளில் பிரிந்து துண்டு துண்டாக வந்துவிடும், ஒட்டி முடிப்பதற்குள் வெறுத்துப் போகும். இரண்டு பல் கிடாவும் கொஞ்சம் இளசுதான். ஆறு பல் போட்டதோ, கடை சேர்ந்ததோ (முன்பல் எட்டும் முளைத்தது) கிடைத்தால் நல்லது, பொருத்துகள் இறுகியிருக்கும், கொம்பும் வளர்ந்திருக்கும். சேலம் கருப்பு ஆடு தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் கிடைக்கிறது, கிடா, பெட்டை இரண்டுக்குமே கொம்பு உண்டு. செம்மறியில் மேச்சேரி இனத்துக்குக் கொம்பே கிடையாது, முகம் அழகாக இருக்கிறதே என்று வாங்கிவிட்டுக் கொம்பைத் தேட வேண்டாம். உயிராக வாங்குகிறவர்கள் போச்சம்பள்ளி, குந்தாரப்பள்ளிச் சந்தைகளில் பார்க்கலாம்.

வீட்டில் வளர்த்த ஆலம்பாடிக் காளையோ, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஹள்ளிகாரோ செத்துப்போய், அதன் கொம்பை வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்களும் உண்டு. வயதாகிச் செத்த மாடு என்றால் செய்யலாம். நேற்று வரை நன்றாக இருந்த மாடு திடீரென்று செத்து, மூக்கு, வாய், ஆசனவாயில் உறையாத கறுத்த ரத்தம் கசிந்தால் அதைத் தொடவே கூடாது. அடைப்பான் நோயாக இருக்கலாம். அறுத்துக் காற்று பட்டால் அந்தக் கிருமி வித்தாக மாறிப் பல்லாண்டு மண்ணில் கிடக்கும், மனிதனுக்கும் வரும். கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், கத்தியை எடுக்காதீர்கள்.

மான் கொம்பைப் பற்றிப் பலரும் கேட்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒகேனக்கல், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகளில் புள்ளிமானும் கடமானும் கொம்பை உதிர்ப்பது இயற்கை. உதிர்ந்து கிடப்பதுதானே, எடுத்தால் என்ன என்பது பொதுவான நினைப்பு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கொம்பு, எலும்பு, பல், நகம் எல்லாமே வேட்டைச் சின்னம் என்ற கணக்கில் வருகின்றன, அவை அரசின் சொத்து. மானைக் கொன்றீர்களா, கொம்பைப் பொறுக்கினீர்களா என்பதெல்லாம் பிறகுதான். கையில் வைத்திருப்பதே குற்றம். காட்டுப்பன்றி மண்டைக்கும் காட்டெருமைக் கொம்புக்கும் இதே கதைதான். தாத்தா காலத்துக் கொம்பு உரிமைச் சான்றோடு வீட்டில் இருந்து உங்கள் கைக்கு வாரிசாக வந்தால், 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அப்படிச் சான்றுள்ள மான் கொம்பைச் சுத்தம் செய்வது எளிது: மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும். மான் கொம்பு முழுக்க எலும்பு. அதன் பழுப்பு நிறம் மேல்தோலில் மட்டும் இருக்கிறது, மரத்தில் உரசி ஏறிய நிறம். ஊறப் போட்டாலோ வெளுக்கும் மருந்து பட்டாலோ போய்விடும், திரும்ப வராது. பழைய பாடம் செய்த தலையாக இருந்தால் கையுறை போடாமல் தொடாதீர்கள். அந்தக் காலத்தில் தோலைக் காக்க ஆர்சனிக் தடவுவது வழக்கம்.

ஆட்டுக்கும் மாட்டுக்கும் இருப்பது வேறு அமைப்பு. நெற்றியிலிருந்து வளரும் ஓர் எலும்புத் தண்டு, அதன் மேல் நகத்தின் பொருளால் ஆன ஒரு கூடு, நடுவில் ரத்தம் ஓடும் மெல்லிய சதை. அழுகுவதும், நாறுவதும், பூச்சி பிடிப்பதும் அந்தச் சதைதான். மண்டையைப் பளபளவென்று ஆக்கிவிட்டுக் கொம்பை மட்டும் கழற்றாமல் விட்டால், சுவரில் ஏறிய பிறகு வாடை வர ஆரம்பிக்கும்.

இனி வேலை. தோலை உரித்து, நாக்கு, கண், கன்னச் சதை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கீழ்த்தாடையைத் தனியாகக் கழற்றி வையுங்கள், அதுவும் மண்டையோடு சேர்ந்து ஊற வேண்டும். சமையலுக்கு வேண்டியதை அப்போதே பிரித்துக்கொள்ளலாம், வீணாக ஒன்றுமில்லை. கண்ணை எடுக்கும்போது கத்தி முனையைக் குழியின் எலும்பில் அழுத்தாதீர்கள், கீறல் கடைசி வரை தெரியும். மூளையைப் பின்துளை வழியாகத்தான் எடுக்க வேண்டும். கட்டுக் கம்பியை நுனியில் சின்னக் கொக்கியாக வளைத்து, உள்ளே விட்டுக் கலக்கி, ஓஸ் தண்ணீரைப் பாய்ச்சிக் கவிழ்த்தால் கொட்டிவிடும். மூக்குக்குள் மட்டும் கம்பியை விடக் கூடாது. அங்கே ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத சுருள் எலும்புகள் இருக்கின்றன. அது முழுசாக நிற்கிற மண்டைதான் பார்க்க நன்றாக இருக்கும். மூக்குக்குள் இருக்கும் சதையைத் தண்ணீரே கரைத்துக்கொள்ளும்.

பலரும் அடுத்து அடுப்பில் ஏற்றுகிறார்கள். வேண்டாம். எலும்பு நொறுங்காமல் இருப்பது அதிலுள்ள பசைப் புரதத்தால். கொதித்தால் அது கரைந்து தண்ணீரில் இறங்கும், ஆட்டுக்கால் சூப் ஆறியதும் கட்டிப்படுவது அதனால்தான். சூப்பில் நமக்கு வேண்டியது மண்டையில் இருக்க வேண்டியது. கொதிக்க வைத்த மண்டை சுண்ணாம்புக் கட்டியாகிக் கையில் ஒட்டும், பற்களில் நெடுக்கு விரிசல் விழும், கொழுப்பு எலும்புக்குள்ளேயே இறங்கி மஞ்சளாக நிற்கும். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்த மாதிரி தெரியும், ஆறு மாதத்தில் வண்டவாளம் தெரிந்துவிடும்.

மண்ணில் புதைப்பதும் எனக்குச் சம்மதமில்லை. நம் செம்மண் எலும்பில் ஏறினால் துருநிறக் கறையாகத் தங்கிவிடும். வேர் அரித்த கோடுகள் விழும், முன்பற்கள் மண்ணோடு போய்விடும், நாய் தோண்டினால் எல்லாமே போய்விடும். பெரிய மாட்டுத் தலைக்கு வேறு வழியில்லை என்றால் ஆற்றுமணல் நிரப்பிய சாக்கில் கட்டிப் புதைக்கலாம். அதுவும் கொம்புக் கூட்டைக் கழற்றிய பிறகுதான், மண்ணில் கிடந்தால் பூச்சி அதைத் துளைத்துவிடும்.

ஊற வைப்பதே நல்ல முறை. 20 லிட்டர் பிளாஸ்டிக் பக்கெட் போதும். இரும்பு, தகர டப்பா வேண்டாம், துருக்கறை ஏறும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதை ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். சதையைத் தின்னும் பாக்டீரியாதான் நமக்கு வேலை செய்கிறது, அதைக் கொன்றுவிட்டு ஊற வைத்து என்ன பயன்? முதல் நாள் தண்ணீர் ரத்தமாக இருக்கும், அதை மட்டும் முழுசாக மாற்றுங்கள். ரத்தம் ஊறிவிட்டால் எலும்பில் பழுப்பாகப் பிடிக்கும். அதன் பிறகு வாரத்துக்கு ஒரு தடவை பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, பாதியை விட்டு, புதுசு ஊற்றுங்கள். நாற்றம் பொறுக்காமல் தினமும் மாற்றுகிறவர்களுக்கு இரண்டு மாதமானாலும் முடியாது, ஒவ்வொரு தடவையும் பாக்டீரியாவைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குகிறார்கள். உப்பு, சுண்ணாம்பு, பினாயில் எதையும் சேர்க்கக் கூடாது.

தண்ணீர் 30 முதல் 35 டிகிரி வரை இருந்தால் வேகமாக நடக்கும். தருமபுரியில் சித்திரை, வைகாசியில் கேட்கவே வேண்டாம், இரண்டு மூன்று வாரத்தில் சதை எல்லாம் கழன்றுவிடும். ஓசூர், தளிப் பக்கம் மார்கழியில் அதே வேலைக்கு இரண்டு மாதம் ஆகலாம். மீன் தொட்டி ஹீட்டர் ஒன்றைப் போட்டால் குளிரிலும் வேகம் குறையாது, ஆனால் அது எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். மூடியை இறுக்காமல் வையுங்கள், வாயு வெளியேற வேண்டும். மூடிக்கு அடியில் கொசுவலைத் துணி கட்டுங்கள், இல்லாவிட்டால் ஈயும் கொசுவும் குடியேறும். இடத்தைப் பற்றி ஒன்று: வாடகை வீட்டு மொட்டை மாடியில் இதைச் செய்யாதீர்கள். தோட்டத்து மூலை இல்லாதவர்கள் இந்தப் பொழுதுபோக்கை விட்டுவிடுவது அக்கம்பக்கத்து உறவுக்கு நல்லது. இறைத்த தண்ணீரைக் குழி தோண்டி வாழைக்கோ தென்னைக்கோ ஊற்றி மண்ணைத் தள்ளி மூடுங்கள். கிணற்றுப் பக்கம் வேண்டாம். கையில் காயம் இருந்தால் கையுறை இல்லாமல் தண்ணீரில் கை வைக்கவே கூடாது.

கொம்பை எப்போது கழற்றுவது? நாலைந்து நாள் கழித்து அடியைப் பிடித்துத் திருகிப் பாருங்கள். வராவிட்டால் விட்டுவிட்டு இரண்டு நாள் கழித்து மறுபடி. பெரும்பாலும் பத்து நாளுக்குள் உள்சதை கரைந்து, லேசான திருகலுக்கு வழுக்கிக்கொண்டு வரும். சுத்தியலால் தட்டாதீர்கள், ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பாதீர்கள், அடி விளிம்பு பிளந்துவிடும். வந்தவுடன் உள்பக்கத்தில் இடது, வலது என்று அடையாளம் கீறி வையுங்கள். இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும், மாட்டும்போதுதான் ஒன்று வெளியே திரும்பி நிற்கும். கூட்டை மண்டையோடு வாரக்கணக்கில் ஊற விடக் கூடாது, அடுக்கடுக்காக உரிய ஆரம்பிக்கும். உள்ளே பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நிழலில் வாய் கீழாக வைத்து உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் முறுக்கிக்கொண்டு நெடுக வெடிக்கும். பாதி காய்ந்த நிலையில் ஒரு தடவை தண்டில் மாட்டிப் பார்த்து எடுத்தால் சுருக்கம் தெரிந்துவிடும்.

பக்கெட்டைக் கடைசியாகக் கவிழ்க்கும்போது சல்லடை இல்லாமல் கவிழ்க்காதீர்கள். ஆட்டுக்கு மொத்தம் 32 பல். மேல்தாடையில் முன்பல் கிடையாது, "தொலைந்துபோச்சே" என்று யாரும் சகதியைக் கிளற வேண்டாம். கீழே முன்னால் 8, இவை எல்லாமே கழன்று விழும். கடைவாயில் பக்கத்துக்கு 6 வீதம் மேலும் கீழும் 24. எண்ணிச் சரிபார்த்து ஒரு சின்ன டப்பாவில் போடுங்கள். கீழ்த்தாடை முன்முனையில் இரண்டாகப் பிரிந்து வரும், அது உடைசல் இல்லை. மூக்கின் மேல் இருக்கும் இரண்டு நீள எலும்புகளும், மேல்தாடை நுனியில் உள்ள இரண்டு மெல்லிய எலும்புகளும் அப்படியே தனியாக வரும். கடைவாய்ப் பல்லில் பொன்னும் கறுப்பும் கலந்து மினுக்குகிற படிவு பல்காரை, மூங்கில் குச்சியால் சுரண்டினால் செதிலாக வரும். முன்பல்லிலேயே பழுப்புக் கோடும் குழியும் இருந்தால் அது வேறு. நம் இரண்டு மாவட்ட நிலத்தடி நீரில் உள்ள ஃப்ளோரைடு ஆட்டையும் மாட்டையும் விட்டு வைப்பதில்லை, அந்தக் கறை பல்லுக்குள் இருக்கிறது. எந்த மருந்துக்கும் போகாது, தேய்க்கவும் வேண்டாம்.

சதை போனால் முடிந்தது என்று நினைத்து நேராக வெளுக்கப் போகிறவர்கள்தான் அதிகம். மண்டை கெடுவது பெரும்பாலும் சதையால் அல்ல, கொழுப்பால். வெள்ளையாக மாட்டிய மண்டை ஒரு கோடையில் மஞ்சளாக வியர்ப்பதும், தூசி ஒட்டுவதும், எண்ணெய் வாடை வீசுவதும் எல்லாம் இந்தப் படியைத் தாண்டிப் போனதன் பலன். 10 லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லி பாத்திரம் கழுவும் திரவ சோப், நிறமும் மணமும் குறைந்ததாக இருந்தால் நல்லது. கையில் சுடாத வெதுவெதுப்பில், முடிந்தால் 40 டிகிரி வரை. தண்ணீர் கலங்கினாலோ மேலே படலம் கட்டினாலோ மாற்றுங்கள், ஆரம்பத்தில் வாரம் ஒரு தடவை வரும். துணி துவைக்கும் பவுடர் வேண்டாம், அதிலுள்ள நொதி எலும்பின் புரதத்தையே தின்னும். சலவை சோடாவும் அப்படித்தான், காரம் அதிகம்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான் கிடைக்கிறது என்றால் கடைசி இரண்டு அலசலாவது மழைநீரில் செய்யுங்கள். உப்புத் தண்ணீர் காய்ந்ததும் எலும்பின் நுண்துளைகளில் வெள்ளைப் பொருக்கு படியும். ஆர்.ஓ. மிஷினிலிருந்து வெளியேறும் கழிவு நீரைச் சிக்கனம் என்று பிடித்து ஊற்றாதீர்கள், இருக்கிற உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது.

எவ்வளவு நாள்? வெள்ளாட்டுக்கு ஒரு மாதம், நன்றாகக் கொழுத்த செம்மறிக் கிடாவுக்கு இரண்டு மூன்று மாதம், வெண்பன்றிக்கு அதற்கும் மேலே. தெரிந்துகொள்ள ஒரே வழி வெளியே எடுத்து நிழலில் ஒரு வாரம் உலர்த்துவது. ஈரமாக இருக்கும்போது எல்லா மண்டையும் சுத்தமாகத்தான் தெரியும். உலர்ந்த பிறகு பின்மண்டையிலும், தாடை மூட்டிலும், கொம்புத் தண்டின் அடியிலும் ஈரம் காயாத மாதிரி மஞ்சள் திட்டு நின்றால் அது கொழுப்பு. மறுபடி பக்கெட்டுக்குள் போட வேண்டியதுதான்.

வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு மட்டும். மருந்துக்கடையில் 6 சதவீதக் கரைசல் 20 வால்யூம் என்று கிடைக்கும். அதில் அரை லிட்டர் பாட்டில் ஆறு, தண்ணீர் 3 லிட்டர், ஆக 6 லிட்டர் 3 சதவீதக் கரைசல், ஓர் ஆட்டு மண்டை முழுகும். கெமிக்கல் கடையில் வாங்கும் 30 சதவீதம் என்றால் ஒரு பங்குக்கு 9 பங்கு தண்ணீர். அது தோலில் பட்ட இடம் வெள்ளையாகி எரியும், கண்ணில் பட்டால் பார்வை போகலாம். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள். எப்போதும் தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் மருந்தை ஊற்றுங்கள். பக்கெட்டை நிழலில் வையுங்கள், வெயில் பட்டால் மருந்து எலும்பில் வேலை செய்யாமல் தானாகச் சிதைந்துபோகும். மூடியை இறுக்க வேண்டாம், உள்ளே ஆக்சிஜன் சேர்ந்து வெடிக்கும். ஒரு நாள் அல்லது இரண்டு நாள். பளீரென்ற வெள்ளை வேண்டும் என்று வாரக்கணக்கில் போடாதீர்கள், நல்ல எலும்பின் நிறம் தந்த வெள்ளைதான். கொம்புக் கூட்டில் இது படவே கூடாது, கருங்கொம்பு வெளிறிப்போகும்.

கொம்பு கழராத பெரிய மாட்டு மண்டையைக் கரைசலில் மூழ்க வைக்க முடியாது. அதற்கு அழகு நிலையச் சாமான் கடையில் விற்கும் 40 வால்யூம் டெவலப்பர் கிரீமைப் பிரஷ்ஷால் தடவி, பாலிதீன் உறையால் ஒரு நாள் சுற்றி வைத்துக் கழுவலாம். கொம்பின் அடியில் முன்னதாகவே வாசலின் தடவி டேப் சுற்றிவிடுங்கள். மாட்டு மண்டையில் நெற்றியின் காற்றறைகள் கொம்புத் தண்டு வரை போகின்றன, கழுவிய தண்ணீர் அங்கே தங்கும். பல கோணத்தில் கவிழ்த்து, ஒரு மாதமாவது உலரவிட வேண்டும்.

பிளீச்சிங் பவுடரைப் பற்றிக் கேட்காதீர்கள். அன்றைக்கு வெள்ளையாகும், அதன் பிறகும் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும், இரண்டு வருடத்தில் தொட்டால் மாவு உதிரும். புளி, எலுமிச்சை, டாய்லெட் ஆசிட் எல்லாம் புளிப்பு, எலும்பின் சுண்ணாம்பையே கரைக்கும். பித்தளைக் குத்துவிளக்கு வேறு, எலும்பு வேறு.

உலர்ந்ததும் பற்களையும் மூக்கெலும்பையும் வெள்ளை ஃபெவிகாலில் ஒட்டுங்கள். தப்பாக ஒட்டினால் வெந்நீரில் நனைத்துப் பிரித்துவிடலாம், சூப்பர் குளூவில் அது நடக்காது. மேலே வார்னிஷ் வேண்டாம், மஞ்சளாகும். பூச்சு வேண்டும் என்றால் அதே ஃபெவிகால் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு, மெல்லிசாக ஒரு கை.

கொம்புக் கூட்டின் வெளியே உரிந்து நிற்கும் செதில்களை உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி, 220 தாளில் தொடங்கி 800 வரை உப்புத்தாள் போடலாம். ஆட்டுக் கொம்பின் வரிகளைத் தேய்த்து மட்டமாக்காதீர்கள், அதன் அழகே அதுதான். தேங்காய் எண்ணெய் தடவுவது நம் வழக்கம், ஆனால் நாளாக ஆகச் சிக்கு வாடை அடித்துப் பூச்சியைக் கூப்பிடும். தேன்மெழுகை லேசாக உருக்கித் துணியில் தேய்த்து மெருகேற்றுங்கள். கூட்டைத் தண்டில் மாட்ட, தண்டின் மேல் இரண்டு இடத்தில் எம்-சீல் உருண்டை வைத்து அழுத்தினால் போதும். முழுக்க நிரப்பிவிட்டால் பிறகு கழற்ற முடியாது.

பலகைக்கு மாமரம் இங்கே மலிவு, ரேகையும் நன்றாக இருக்கும். ஆனால் வண்டு துளைக்கும். பூச்சி மருந்து ஏற்றிப் பதப்படுத்தியதாக இல்லை என்றால் வேம்போ பலாவோ எடுங்கள். ஆட்டு மண்டைக்கு 12-க்கு 8 அங்குலம், ஒரு அங்குலத் தடிமன். மண்டையில் ஓட்டை போடத் தேவையே இல்லை. வெல்டிங் பட்டறையில் 6 மில்லிமீட்டர் கம்பியை ஒரு தகட்டில் மேல் நோக்கிச் சாய்வாகப் பற்றவைக்கச் சொல்லி, தகட்டைப் பலகையில் திருகுங்கள். கம்பி மேல் சைக்கிள் டியூபைச் சுற்றி, மண்டையின் பின்துளையை அதில் செருகினால் சொந்த எடையிலேயே உட்காரும். ஹாலோ பிளாக் சுவராக இருந்தால் வெறும் ஆணி நிற்காது, 8 மில்லிமீட்டர் ராவல் பிளக் போட்டு ஸ்குரூ ஏற்றுங்கள். மாட்டு மண்டைக்கு இரண்டு இடத்தில். மேற்கு வெயில் விழும் சுவரும் சமையல்கட்டுப் புகை வரும் சுவரும் வேண்டாம்.

மாட்டிய பிறகு மாதம் ஒரு தடவை பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். கொம்பின் அடியில் பலகை மேல் பொடி உதிர்ந்து கிடந்தால், கூட்டுக்குள் மயிர் முளைத்த சின்னப் புழு தின்றுகொண்டிருக்கிறது. கூட்டைக் கழற்றிப் பாலிதீன் கவரில் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் கவரை உடனே பிரிக்காமல் ஒரு நாள் அப்படியே விடுங்கள், இல்லாவிட்டால் வியர்த்து ஈரமாகும். பிறகு உள்ளே துடைத்து, போராக்ஸ் தூவி மாட்டலாம்.